பிறக்காத பங்காளி

குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டு, குழாயையும் திறந்துவிட்டு, ஜெயசீலி கர்ப்பச் சோதனைப் பட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள். இரண்டு கோடுகள் தெரிந்தன. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இதற்கு முன் இரண்டு தடவை இதே குளியலறையில் இந்தக் கோடுகளைப் பார்த்திருக்கிறாள். இரண்டு தடவையும் கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய் ஐசக்கிடம் காட்டினாள். இரண்டும் தங்கவில்லை. இப்போது ஓடிப்போய்க் காட்டுவதற்கு ஐசக் இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவன், போன மாதம் வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயது.

பட்டையைத் துணியில் சுற்றி நைட்டிக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாமியார் எப்சி சாப்பாட்டு மேசையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி மருமகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"ரொம்ப நேரமா தண்ணி ஓடுச்சே."

முகம் கழுவினேன் அத்தை என்று சொல்லிவிட்டு ஜெயசீலி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த முடிச்சூர் வீட்டில் இப்போது அவர்கள் இரண்டு பேர்தான். வீடு ஐசக் பெயரில் இருந்தது. அவன் சேமிப்பும் ஜெயசீலியின் நகைகளும் சேர்ந்து கட்டிய வீடு. பெருவெள்ளத்தின்போது அந்தத் தெருவில் மார்பளவு தண்ணீர் நின்றது. அந்த வருஷம் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் இப்போது காலி மனை உண்டா என்று தெருத்தெருவாகக் கேட்டு அலைகிறார்கள். உயில் எழுதி வைக்கலாமே என்று ஒருமுறை ஜெயசீலி சொன்னபோது, கிழவன் ஆனதும் எழுதுகிறேன் என்று ஐசக் சிரித்தான். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

அடக்க ஆராதனை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஐசக்கின் தம்பி ஜெஃப்ரி அந்தப் பேச்சை எடுத்தான். கூடுவாஞ்சேரியில் ஒரு சின்ன ஃபிளாட்டில் மனைவியோடு இருப்பவன். குரலை உயர்த்திப் பேசுகிறவன் இல்லை. அண்ணனுக்குப் பிள்ளை இல்லாததால் வீட்டில் பாதி அண்ணிக்கு, மீதிப் பாதி அம்மாவுக்கும் தனக்கும் என்று சட்டம் சொல்கிறது என்றான். பக்கத்து மனையையும் சேர்த்து வாங்கி ஃபிளாட் கட்ட ஒரு பில்டர் தயாராக இருக்கிறார், நல்ல விலை, இந்த நேரத்தை விட்டுவிடக் கூடாது என்றான். யோசித்துச் சொல்லுங்கள் அண்ணி, அவசரமில்லை என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் வாரத்துக்கு மூன்று தடவை வந்தான்.

டாக்டர் ஸஹானாவிடம் போய் உறுதி செய்துகொண்ட அன்றைக்கே, மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் இருந்த வக்கீல் ஆல்வினின் அறைக்கு ஜெயசீலி படியேறினாள். அவர் அவர்கள் சபையைச் சேர்ந்தவர்தான். தெரிந்த பெண் ஒருத்திக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தாள். அவர் அதை நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"நமக்கு இந்துக்களோட சட்டம் கிடையாதும்மா, தனிச் சட்டம். பிள்ளை இருந்தா மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி பூரா பிள்ளைக்கு. அம்மா, தம்பி இவங்களுக்கெல்லாம் ஒண்ணும் வராது. பிள்ளை இல்லைன்னாதான் அவங்க உள்ள வருவாங்க."

"வயித்துல இருந்தா சார்?"

ஆல்வின் பேனாவை மூடி வைத்தார். "புருஷன் சாகும்போது வயித்துல இருந்தா, அதுவும் பிள்ளைதான். ஆனா உயிரோட பிறக்கணும். அப்பதான் கணக்கு." பிறகு, "அந்தப் பொண்ணை எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

படியிறங்கும்போது ஜெயசீலி கைப்பிடிச் சுவரை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கினாள். உயிரோடு பிறக்கணும். அந்த வார்த்தை கூடவே வந்தது. பிள்ளை இல்லை என்றால் வரும் பங்கை நம்பி ஒருவன் விலை பேசி முடித்திருக்கிறான். அதே பங்கை எதிர்பார்க்கிற இன்னொருத்தி தினமும் அவளுக்குச் சோறு போடுகிறாள். நடுவில் நிற்பது, ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போன வயிற்றில் புதிதாக வந்திருக்கும் ஓர் உயிர். அது இல்லாமல் போவதற்கு யாரும் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவளுக்கு அது நன்றாகவே தெரியும். முந்தைய இரண்டு தடவையும் யாரும் எதுவும் செய்யவில்லை.

அதற்கப்புறம் அந்த வீடு அவளுக்கு வேறு வீடாகிவிட்டது. மொட்டை மாடிப் படியில் சோப்புத் தண்ணீர் சிந்தியிருந்தால், அதை யார் சிந்தியது என்று யோசித்தாள். ஜெஃப்ரி வந்தால் ஹாலில் அவனுக்கு எதிரில் உட்காராமல் சமையலறை வாசலிலேயே நின்று பேசினாள். வாந்தி வந்தால் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை வைத்து அமுக்கிக்கொண்டு எடுத்தாள். பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியிருந்தாள். ஆனாலும் ஏதாவது சாக்கு வைத்து வெளியே போய், பெருங்களத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அங்கே முன்பின் தெரியாத ஜனங்களுக்கு நடுவில்தான் மூச்சு சீராக வந்தது.

எப்சி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயத்தை அதிகமாக்கியது. முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவள், இப்போது சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பில் காரம் குறைந்தது. ஒரு நாள் காலையில், கேட்காமலே ஒரு டம்ளரில் ஏதோ கஷாயம் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடி. வயித்துக்கு நல்லது."

பழுப்பு நிறம். மேலே ஏதோ பொடி மிதந்தது. எந்த வயிற்றுக்கு என்று ஜெயசீலி மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். ஆறட்டும் அத்தை என்று வாங்கிக்கொண்டுபோய், அவள் முற்றம் பெருக்கப் போன நேரத்தில் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றித் தண்ணீர் விட்டாள். மறுநாளும் கஷாயம் வந்தது. மறுநாளும் ஊற்றினாள். சாப்பிடும்போது, அத்தை எந்தச் சட்டியிலிருந்து போட்டுக்கொள்கிறாளோ அதே சட்டியிலிருந்துதான் தானும் போட்டுக்கொண்டாள். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் உப்பும் புளியும் பகிர்ந்துகொண்டவளைப் பார்த்து இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

ஒரு மத்தியானம் படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்தபோது, ஹாலில் அத்தை ஃபோனில் பேசுவது கேட்டது. மறுமுனையில் ஜெஃப்ரி என்று பேச்சிலேயே புரிந்தது.

"இல்லடா, அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான்தான் கூடவே இருக்கேனே. நான் பார்த்துக்கிறேன்."

ஜெயசீலி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். சித்திரை வெயிலில் உடம்பு சில்லிட்டுப்போயிருந்தது.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஜெஃப்ரி காரை எடுத்துக்கொண்டு வந்தான். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் விசாரணை, மூன்று பேரும் நேரில் வரவேண்டும் என்றான். அந்தச் சான்றிதழ் எப்படியும் தேவைப்படும் என்று ஆல்வினும் சொல்லியிருந்தார். வரமாட்டேன் என்றால் ஏன் என்ற கேள்வி வரும். காலையிலிருந்தே அடி முதுகில் ஒரு வலி இருந்தது. அதையும் சொன்னால் என்ன வலி என்று கேட்பார்கள். ஒன்றும் சொல்லாமல் பின் சீட்டில் ஏறினாள். எப்சி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முடிச்சூர் சாலையில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கார் ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் ஜெயசீலி அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டாள். அப்போது ஜெஃப்ரியின் ஃபோன் அடித்தது. காரின் ஸ்பீக்கரிலேயே குரல் வந்துவிட்டது. பில்டரின் ஆள் தீனா. ஒருமுறை வீட்டுக்கு வந்து மனையைக் காலால் அளந்துவிட்டுப் போனவன்.

"இன்னா சார், எங்க வந்துகினு கீறீங்க? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன் போட்டாச்சு. பவர் பத்திரம் ரெடியா கீது. அந்தம்மாவ மட்டும் இட்டாந்துடு சார், அப்பால நான் பாத்துக்கிறேன்."

ஜெஃப்ரி அவசரமாக அணைத்தான்.

"தாலுகா ஆபீஸ்னுதானே சொன்னீங்க" என்றாள் ஜெயசீலி.

அங்கேயும்தான் போகிறோம் அண்ணி, அதற்கு முன்னால் இது ஒரு சின்ன வேலை என்றான். விற்கிற வேலைகளை அவன் பெயரில் பார்த்துக்கொள்ள ஒரு பவர், அவ்வளவுதான். இனிமேல் நீங்கள் எதற்கும் அலைய வேண்டியதில்லை, உங்கள் நல்லதுக்குத்தான் என்றான். எல்லாவற்றையும் அதே மெதுவான குரலில் சொன்னான்.

அந்த நேரத்தில்தான் ஜெயசீலி உணர்ந்தாள். வலி ஒருமுறை இறுக்கிப் பிடித்து விட்டது. பிறகு தொடையில் சூடாக, ஈரமாக. அது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முந்தைய இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்கு வாயைத் திறந்து சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது? இந்த ஒன்று போய்விட்டால் யாருக்குப் பங்கு வருமோ அந்த இரண்டு பேர்தான் அந்தக் காரில் இருந்தார்கள். சொன்னால் இத்தனை நாள் காத்த ரகசியம் போய்விடும். சொல்லாவிட்டால் உயிரே போய்விடும். ஜன்னலுக்கு வெளியே பூக்கடையில் ஒரு பெண் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் தட்டி அவளைக் கூப்பிடலாமா என்றுகூட ஜெயசீலிக்குத் தோன்றியது.

"எனக்கு ரத்தம் போகுது" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "ரத்தம் போகுது. மூணு மாசம் ஆகப் போகுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஓட்டுகிறவர் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஜெஃப்ரியின் கண்கள் தெரிந்தன. அவன் அவளைப் பார்த்தான். பிறகு சாலையைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். அந்தக் கண்களுக்குள் ஏதோ கூட்டிக் கழிக்கப்படுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆபீஸ் இதோ வந்துடுச்சு அண்ணி. பத்து நிமிஷம். முடிச்சிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்."

ஜெயசீலி கதவின் கைப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். கார்க் கதவுகள் முன்னாலிருந்து பூட்டப்பட்டிருந்தன. யாரோ தண்ணீருக்குள் பிடித்து அமுக்குவது போலிருந்தது.

"ஜெஃப்ரி, லாக்கை எடு" என்றாள் எப்சி.

"அம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

"லாக்கை எடுடா. உங்க அண்ணன் பிள்ளைடா அது."

அவன் அசையவில்லை. எப்சி எட்டி அவன் தோள் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். அந்த அறுபத்தெட்டு வயதுக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. சட்டைப் பொத்தான் தெறித்தது. அவன் ஸ்விட்சை அழுத்த, 'டக்' என்று பூட்டு விடுபட்டது. நகராத வண்டிகளுக்கு நடுவில் எப்சி முதலில் இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, மருமகளை இரண்டு கையாலும் தாங்கி இறக்கினாள். பின்னால் ஹாரன்கள் அலறின. எதிர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஆட்டோவைக் கையை விரித்து மறித்தாள். ஆட்டோ தெரு திரும்பும்வரை ஜெயசீலி பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், அந்தக் கார் வருகிறதா என்று.

டாக்டர் ஸஹானா ஸ்கேனைப் பார்க்கும்வரை ஜெயசீலி கண்ணைத் திறக்கவில்லை. துடிப்பு இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகும் நம்பவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பிக் காட்டச் சொன்னாள். ஆபத்து விலகவில்லை, ஊசி போட்டிருக்கிறேன், எழுந்து நடக்கவே கூடாது என்றார் டாக்டர். இரண்டு நாள் அங்கேயே இருக்கச் சொன்னார்.

மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது எப்சி கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புடவை முந்தானையில் ரத்தக் கறை காய்ந்திருந்தது.

"எனக்கு முதல்லயே தெரியும்" என்றாள் எப்சி. "குழாயைத் திறந்துவிட்டுட்டு வாந்தி எடுத்தா தெரியாதா? ஜெஃப்ரிக்குச் சந்தேகம். ஃபோன் பண்ணிக் கேட்டான். அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

ஜெயசீலி திரும்பிப் பார்த்தாள்.

"கஷாயம் வாந்திக்குத்தான். சுக்கும் ஏலமும். நீ தொட்டியில ஊத்துனதும் தெரியும். உன் இடத்துல நானா இருந்தாலும் ஊத்தியிருப்பேன்."

"அத்தை, சட்டம் என்னன்னு உங்களுக்கு..."

"ஆல்வின்கிட்ட நானும் போய்க் கேட்டேன். பிள்ளை வந்தா தாய்க்கு ஒண்ணும் கிடையாதுன்னார். உன்னைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல." எப்சி முந்தானைக் கறையை நகத்தால் சுரண்டினாள். "உன் மாமனார் போனப்ப ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னாங்க. ரெண்டு பிள்ளைங்களோட எத்தனை வீடு மாறியிருக்கேன் தெரியுமா? ஐசக் இந்த வீட்டைக் கட்டின அப்புறம்தான் பெட்டியைப் பிரிச்சு வச்சேன். ஜெஃப்ரி வீட்டுல எனக்கு இடமில்ல. அவன் பொண்டாட்டி முகத்துக்கு நேராவே சொல்லிட்டா. அதனால..."

மருமகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒரு ராத்திரி நினைச்சேன். இதுவும் தங்காம போயிட்டா எனக்குன்னு ஒரு மூலையாவது மிஞ்சுமேன்னு. நினைச்சேன்தான். அன்னைக்கு என்னால ஜெபம் பண்ண முடியல."

ஜெயசீலியின் கை தானாக வயிற்றின் மேல் போயிற்று. இந்த நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. எழுந்து ஓடவும் முடியாது. ஆனால் அந்த முகத்தில் அவள் கண்டது, இத்தனை வாரமாகக் கண்ணாடியில் தான் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம்தான். வெளுத்துப்போய், தூக்கமில்லாமல், வாசல் பக்கமே காதை வைத்துக்கொண்டிருக்கும் முகம்.

"பிறந்த அப்புறம் என்னை வெளிய போகச் சொல்லிடுவியா?" என்று கேட்டாள் எப்சி.

"இல்ல அத்தை."

"எழுதித் தருவியா?"

அந்த நிலையிலும் அவள் அப்படிக் கேட்டது ஜெயசீலிக்குச் சுருக்கென்றது. பிறகு, கேட்டதில் தப்பில்லை என்று பட்டது. உயில் எழுதுகிறேன் என்று ஐசக் வாயால் சொன்னதெல்லாம் இன்றைக்கு எங்கே போயிற்று?

எழுதிக் கொடுத்தாள். ஆல்வின் வீட்டுக்கே வந்தார். தன் மூன்றில் ஒரு பங்கில் எப்சி உயிரோடு இருக்கும்வரை குடியிருக்கலாம் என்றும், தனக்கு ஏதாவது ஆனாலும் அது செல்லும் என்றும் ஜெயசீலி படுத்தபடியே கையெழுத்துப் போட்டாள். பிறக்கப்போகிற வாரிசு இருக்கிறது, யாரும் எதையும் விற்க முடியாது என்று ஜெஃப்ரிக்கும் அவரே சொல்லிவிட்டார். தீனா பக்கத்து மனையை மட்டும் வளைத்துப் போட்டு வேலி அடித்தான்.

பயம் அத்தோடு போய்விடவில்லை. மாதங்கள் நகர நகர வேறு வேறு உருவில் வந்தது. வாசலில் கார் நின்றால் ஜெயசீலிக்கு உடம்பு தூக்கிப்போட்டது. வயிற்றில் அசைவு கொஞ்ச நேரம் நின்றாலும் அத்தையை எழுப்பிவிட்டாள். டம்ளரை வாங்கும்போது முதலில் முகர்ந்து பார்க்கிற பழக்கமும் போகவில்லை. எப்சி அதைக் கண்டுகொண்டாள். எதைக் கொண்டுவந்தாலும் தான் ஒரு மடக்கு குடித்துவிட்டு நீட்டினாள். அப்படியே இருவருக்கும் அது வழக்கமாகிவிட்டது.

குழந்தை ஐப்பசி மழையில் பிறந்தது. அறுவை சிகிச்சைதான். பெண். வெளியே வந்ததும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஜெயசீலி பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் கிடந்து, தனக்குத் தெரிந்த எல்லாப் பெயர்களையும் சொல்லிக் கூப்பிட்டாள், ஐசக்கையும் சேர்த்து. பிறகு அழுகை கேட்டது, கோபமாக, உரக்க.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஜெஃப்ரி வந்தான். காரில் வரவில்லை. கேட்டுக்கு வெளியே குடையோடு நின்று, வரலாமா என்று கேட்டான். எப்சி மருமகளைப் பார்த்தாள். ஜெயசீலி தலையசைத்த பிறகுதான் கேட்டைத் திறந்தாள். ஒரு பையில் சின்னச் சின்னக் கவுன்கள் வாங்கி வந்திருந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். முன்பைவிட மெலிந்திருந்தான்.

"அண்ணி, அன்னைக்கு பத்து நிமிஷம்தானேன்னு நினைச்சேன். வேற ஒண்ணும் நினைக்கல."

அது நிஜமாகவும் இருக்கலாம். ஜெயசீலிக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் காரின் கண்ணாடியில் பார்த்த கண்களைத்தான் அவளுக்குத் தெரியும். அவள் தோளில் கிடந்த குழந்தைக்கு அண்ணன் மூக்கு என்று சொல்லிவிட்டு, ஜெஃப்ரி கையைத் துடைத்துக்கொண்டு, வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினான்.

"இப்பதான் தூங்கினா. இன்னொரு நாள் பார்க்கலாம்" என்றாள் ஜெயசீலி.

அவன் கைகளை மடக்கிக்கொண்டான். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனான். எப்சி கேட்டைத் தாழிட்டுவிட்டு, தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்று ஒருமுறை ஆட்டியும் பார்த்தாள். ஜெயசீலி நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் பிடி அவ்வளவு இறுகியிருந்ததில், தோளில் கிடந்த குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டு அழ ஆரம்பித்தது.